மூக்கு நீண்ட லாரியும் மூக்கில்லாத லாரியும்: அமெரிக்க, ஐரோப்பிய ட்ரக் தொழில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூடியூபில் அமெரிக்க ட்ரக் வீடியோவையும் ஐரோப்பிய ட்ரக் வீடியோவையும் மாறி மாறிப் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். வண்டியின் உருவத்தில் தொடங்கும் பேச்சு கடைசியில் டிரைவரின் சம்பளத்திலும் தூக்கத்திலும் போய் நிற்கிறது. அதனால் அந்தப் பகுதிக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். ஐரோப்பா என்று நான் சொல்வது பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளை. பிரிட்டன், சுவிட்சர்லாந்து போன்றவற்றைப் பேசும்போது பெயர் சொல்லியே பேசுகிறேன்.

அமெரிக்க ட்ரக்குக்கு மட்டும் ஏன் அவ்வளவு நீண்ட மூக்கு?

சட்டம் எதை அளக்கிறது என்பதுதான் காரணம். ஐரோப்பாவில் இழுவை வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 16.5 மீட்டருக்குள் அடங்க வேண்டும். டிரெய்லர் 13.6 மீட்டர். இணைப்புக்கும் திரும்புவதற்கும் இடம் விட்டது போக, கேபினுக்கு மிஞ்சுவது இரண்டேகால் மீட்டர் சொச்சம். எஞ்சினை முன்னால் நீட்டி வைத்தால் அத்தனை நீளத்துக்குச் சரக்கு குறையும். அதனால் எஞ்சினைக் கீழே போட்டு, அதன் மேல் டிரைவரை உட்கார வைத்தார்கள்.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே நிலைமைதான். பல மாநிலங்கள் மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்திருந்தன. 1960களிலும் 70களிலும் எடுத்த நெடுஞ்சாலைப் படங்களைப் பார்த்தால் மூக்கில்லாத ட்ரக்குகள் நிறையத் தெரியும். 1982இல் வந்த மத்தியச் சட்டம், முக்கிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீளத்துக்கு மாநிலங்கள் வரம்பு போடக் கூடாது, டிரெய்லரின் நீளத்தை மட்டும் பார்க்கலாம் என்று மாற்றியது. இழுவை வண்டி எவ்வளவு நீளம் இருந்தாலும் சரக்கு குறையாது என்று ஆனபிறகு, டிரைவர்கள் விரும்பியது மூக்கு வைத்த வண்டியைத்தான். எஞ்சினை எளிதாகத் தொட்டு வேலை பார்க்கலாம், முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து குலுங்க வேண்டாம், பின்னால் கட்டிலும் அலமாரியும் வைத்த பெரிய அறை கிடைக்கும். மூக்கில்லாத பெரிய ட்ரக்கின் கடைசி மாடல்களில் ஒன்றான ஃப்ரெய்ட்லைனர் ஆர்கோஸி 2006ஓடு அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது.

இன்றைக்கு அமெரிக்க டிரெய்லர் 53 அடி, அதாவது 16 மீட்டருக்குச் சற்று மேல். ஐரோப்பாவில் முழு வண்டியே அவ்வளவுதான்! இன்னொரு பக்கம், ஐரோப்பியச் சந்துகளிலும் ரவுண்டானாக்களிலும் அந்த அமெரிக்க வண்டியைத் திருப்பவே முடியாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவும் கொஞ்சம் இளகியிருக்கிறது. காற்றை எளிதில் கிழித்துப் போகும் வடிவத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் கேபினைச் சற்று நீட்டிக்கொள்ள 2015இல் விதி திருத்தப்பட்டது. அதைப் பயன்படுத்தி 2021இல் டாஃப் நிறுவனம் எக்ஸ்ஜி வகை கேபின்களைக் கொண்டுவந்தது.

அப்படியானால் அமெரிக்க வண்டிதானே அதிக எடை ஏற்றும்?

இல்லை. பெரும்பாலானவர்கள் தலைகீழாக நினைக்கும் விஷயம் இது. அமெரிக்க இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் வண்டியும் சரக்கும் சேர்ந்து 80,000 பவுண்டு, நம் கணக்கில் 36 டன் சொச்சம்தான். ஐரோப்பாவில் பொதுவாக 40 டன், ரயிலிலோ கப்பலிலோ மாறிப் போகும் கன்டெய்னருக்கு 44 டன். பிரிட்டனில் ஆறு அச்சு வண்டிக்கு 44 டன்.

விதிவிலக்குகள் இரண்டு பக்கமும் உண்டு. ஃபின்லாந்து 2013 முதல் 76 டன் வரை அனுமதிக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 11 அச்சு வைத்த வண்டி 164,000 பவுண்டு, ஏறக்குறைய 74 டன், ஏற்றிப் போகலாம். அச்சுகளைக் கூட்டி எடையைப் பரப்பினால் சாலை தாங்கும் என்பது இரண்டு இடத்திலும் ஒரே கணக்கு.

அமெரிக்க ட்ரக்கையும் ஐரோப்பிய ட்ரக்கையும் செய்வது வேறு வேறு கம்பெனியா?

பெயர்ப்பலகைதான் வேறு, முதலாளி பெரும்பாலும் ஒருவரே. ஃப்ரெய்ட்லைனரும் வெஸ்டர்ன் ஸ்டாரும் ஜெர்மனியின் டைம்லர் ட்ரக்குக்குச் சொந்தம். மேக் ஸ்வீடனின் வோல்வோ குழுமத்துடையது. இன்டர்நேஷனல் வண்டியைச் செய்யும் நவிஸ்டாரை ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டிராட்டன் 2021இல் வாங்கியது. மறுபக்கம், அமெரிக்காவின் பாக்கார் நிறுவனத்துக்கு கென்வொர்த், பீட்டர்பில்ட் மட்டுமல்ல, 1996 முதல் டச்சு டாஃபும் சொந்தம். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் பாரத்பென்ஸ் வண்டிகளைச் செய்வதும் அதே டைம்லர்தான். ஆக, ஒரே முதலாளி இரண்டு சட்டப் புத்தகங்களுக்கு ஏற்றபடி இரண்டு வகை வண்டி செய்கிறார்.

வேகம்?

ஐரோப்பாவில் கனரக ட்ரக்கின் எஞ்சினையே 90 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கட்டிவிடுகிறார்கள். ஜெர்மன் ஆட்டோபானில் ட்ரக்குக்குச் சட்டப்படி 80தான். அமெரிக்காவில் மத்திய அரசு அப்படி எந்தக் கட்டும் போடவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் ட்ரக்குக்கு மணிக்கு 55 மைல், டெக்சாஸில் சில சாலைகளில் 75 மைலுக்கும் மேல். பெரிய கம்பெனிகள் டீசல் செலவுக்குப் பயந்து தாங்களே வேகத்தைக் கட்டி வைக்கின்றன. சொந்த வண்டிக்காரர்கள் அதை விரும்புவதில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓட்டலாம்?

அமெரிக்காவில் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினால் 14 மணி நேரக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அதற்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். 8 மணி நேரம் ஓட்டியதும் அரை மணி நேர இடைவெளி வேண்டும். 8 நாளில் 70 மணி நேரம் வேலை பார்த்துவிட்டால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. இடையில் 34 மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓய்வெடுத்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும்.

ஐரோப்பாவில் ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் கட்டாயம் நிறுத்த வேண்டும். ஒரு வாரத்தில் 56, அடுத்தடுத்த இரண்டு வாரத்தையும் சேர்த்தால் 90 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. சராசரியாக வாரம் 45 என்று ஆகிறது. அமெரிக்காவின் 70 என்பது லோடு ஏற்றும் நேரமும் சேர்ந்த வேலைக்கணக்கு, ஐரோப்பாவின் 45 ஸ்டீயரிங் பிடித்த நேரம் மட்டும். இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. அப்படிக் கழித்துப் பார்த்தாலும் ஐரோப்பிய டிரைவருக்கு ஓய்வு அதிகம் என்பதில் சந்தேகமில்லை.

கண்காணிப்பில்தான் பெரிய இடைவெளி இருந்தது. ஐரோப்பாவில் டேகோகிராஃப் என்ற பதிவுக்கருவி பல பத்தாண்டுகளாக இருக்கிறது. முதலில் வட்டக் காகிதத்தில் கோடு போட்டது, 2006 முதல் புது வண்டிகளில் டிஜிட்டலாக வருகிறது. அமெரிக்க டிரைவர்களோ 2017 டிசம்பர் வரை பெரும்பாலும் கையால் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். எழுதியது உண்மையாக இருக்காது என்பதால் அவர்களே அதற்கு வைத்த பெயர் 'காமிக் புத்தகம்'. அந்த மாதத்திலிருந்து மின்னணுக் கருவி கட்டாயமானது.

கருவி வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? அந்த 14 மணி நேரக் கடிகாரத்தை இன்னொரு முறை பாருங்கள். குடோன் வாசலில் ஐந்து மணி நேரம் நின்றாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கேபின் கட்டிலில் படுத்து ஓய்வைப் பிரித்துக்கொள்ளும் சலுகை ஒன்று உண்டு, ஆனால் அதற்கும் சேர்ந்தாற்போல் சில மணி நேரம் தேவை. முன்பு நோட்டில் பொய் எழுதிச் சமாளித்த நேரத்தை இப்போது சாலையில் விரட்டிப் பிடிக்கத் தோன்றும். குறை கருவியில் இல்லை. காத்திருக்கும் நேரத்துக்கு யார் பொறுப்பு என்பதைத் தீர்க்காமல் கடிகாரத்தை மட்டும் இறுக்கிவிட்டார்கள்.

சம்பளம் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அமெரிக்காவில் நெடுந்தூர டிரைவர்களில் பெரும்பாலோருக்கு மைலுக்கு இத்தனை சென்ட் என்று கூலி. சக்கரம் சுழன்றால் காசு. லோடு ஏற்றக் காத்திருந்தால், பழுதாகி நின்றால், பனியில் சாலை மூடினால் காசில்லை, அல்லது பெயருக்கு ஏதோ கொடுப்பார்கள். 1938இல் வந்த நியாயமான உழைப்புத் தரச் சட்டம் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி என்றது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் ட்ரக் டிரைவர்களுக்கு அதிலிருந்து அப்போதே விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்கு இன்னும் இருக்கிறது.

காத்திருப்பு எவ்வளவு தின்கிறது என்பதை அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018இல் கணக்கிட்டது. ஆண்டுக்கு ஒரு டிரைவரின் வருமானத்தில் 1,281 முதல் 1,534 டாலர் வரை இதில் போகிறதாம். அதைவிட முக்கியமான இன்னொரு எண்ணும் அதில் இருந்தது. ஏற்றி இறக்கும் இடத்தில் சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம் கூடினால் விபத்து வீதம் 6.2 சதவீதம் கூடும் என்று எதிர்பார்க்கலாம். வண்டியைக் காக்க வைத்ததற்குக் கேட்கும் ஹால்டிங் சார்ஜ் என்பது நம் ஊர் லாரி ஆபீஸ்களில் தினமும் நடக்கும் வாக்குவாதம். அது உயிர்ச்சேதத்தோடு சம்பந்தப்பட்டது என்று எண்ணில் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஐரோப்பாவில் கிலோமீட்டர் கணக்கிலோ ஏற்றிய அளவுக் கணக்கிலோ கூலி கொடுப்பது சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் என்றால் அது தடை. 2006ஆம் ஆண்டின் 561ஆவது ஒழுங்குவிதி இதைச் சொல்கிறது. மாதச் சம்பளம் அல்லது மணிக்கணக்கு, ஆண்டுக்குக் குறைந்தது நான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு, நாட்டுக்கு நாடு மாறும் மருத்துவக் காப்பீடு. அமெரிக்காவில் சம்பளத்தோடு கூடிய விடுப்பு எதையும் மத்தியச் சட்டம் கட்டாயமாக்கவில்லை.

கைக்கு வரும் தொகையைப் பார்த்தால் அமெரிக்காதான் மேல். அங்கே கனரக ட்ரக் டிரைவரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 2024 மே கணக்குப்படி 57,440 டாலர். ஐரோப்பாவுக்கு இப்படி ஒரே எண் சொல்ல முடியாது. ஒரே பாதையில் ஓடும் ஜெர்மன் டிரைவருக்கும் பல்கேரிய டிரைவருக்கும் சம்பளம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சொந்தமாக ட்ரக் வாங்கி ஓட்டினால் அமெரிக்காவில் நன்றாகச் சம்பாதிக்கலாம் என்கிறார்களே?

சிலர் சம்பாதிக்கிறார்கள். நல்ல சரக்கு ஒப்பந்தமும் கடனில்லாத வண்டியும் இருந்தால் வாழ்க்கை நன்றாகவே போகும். ஆனால் 'லீஸ்-பர்ச்சேஸ்' என்ற ஏற்பாட்டில் மாட்டுகிறவர்களின் நிலை வேறு. கம்பெனியே டிரைவருக்கு வண்டியைக் கொடுத்து, வாராவாரம் கூலியிலிருந்து டியூ பிடிக்கும். லோடு கொடுப்பதும் அதே கம்பெனிதான். லோடு குறைந்த வாரத்தில் டியூ, டீசல், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் பிடித்தது போக டிரைவர் கடன்காரராகவே வீடு திரும்புவார். இதை ஆராய அமைத்த மத்தியப் பணிக்குழு, இந்த ஏற்பாட்டைத் தடை செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது.

'டிரைவர் தட்டுப்பாடு' உண்மையா?

அமெரிக்காவில் லைசென்ஸ் எடுப்பவர்களுக்குக் குறைவில்லை. தங்குகிறவர்கள்தான் குறைவு. பெரிய நெடுந்தூரக் கம்பெனிகளில் ஆண்டுக்கு 90 சதவீதத்துக்கும் மேல் ஆள் மாறிய ஆண்டுகள் பல உண்டு. நூறு டிரைவர் வேலை பார்க்கும் இடத்தில் ஒரே ஆண்டில் தொண்ணூறு பேரைப் புதிதாக எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அதைத் தட்டுப்பாடு என்று நான் சொல்ல மாட்டேன்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1935 முதல் அமெரிக்காவில் எந்தப் பாதையில் யார் ஓட்டலாம், என்ன வாடகை என்பதையெல்லாம் அரசு ஆணையம் கட்டுப்படுத்தியது. போட்டி குறைவு, வாடகை அதிகம், டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் பலமாக இருந்தது. அதன் தலைவர் ஜிம்மி ஹாஃபா 1964இல் நாடு முழுவதற்குமான ஒரே கூலி ஒப்பந்தத்தைப் பெற்றுக் கொடுத்தார். 1980இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. பத்தே ஆண்டில் கம்பெனிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. சரக்கு வாடகை இறங்கியது, வாங்குபவருக்கு லாபம். விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் டிரைவர் கூலியும் கூடவே இறங்கியது. சங்கம் இருந்த பழைய கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. 2023 ஆகஸ்ட்டில் திவாலான யெல்லோவில் மட்டும் ஏறத்தாழ 30,000 பேருக்கு வேலை போனது.

ஐரோப்பாவில் அதே வேலையை எல்லை திறப்பு செய்தது. 2004 மே மாதம் போலந்து, லிதுவேனியா உட்பட 10 நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தன. இன்று ஒன்றியத்தில் மிக அதிகச் சரக்கைச் சாலையில் நகர்த்துவது போலந்து வண்டிகள்தான். மேற்கு நாடுகளின் கம்பெனிகள் கிழக்கில் கிளை தொடங்கின. போலந்து டிரைவர்கள் நல்ல கூலி கேட்கத் தொடங்கியதும் உக்ரைன், பெலாரஸ், உஸ்பெகிஸ்தான், ஜார்ஜியா என்று ஆள் தேடும் இடம் இன்னும் கிழக்கே நகர்ந்தது.

பிரிட்டனில் 2021 செப்டம்பரில் பெட்ரோல் பங்குகளுக்கு டேங்கர் ஓட்ட ஆளில்லாமல் ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். பிரெக்ஸிட்டும் கொரோனாவும் சேர்ந்து கொடுத்த அடி அது.

கிராஃபென்ஹவுசன் வேலைநிறுத்தம் என்கிறார்களே, அது என்ன?

2023 மார்ச்சில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் அருகே, ஏ5 ஆட்டோபான் ஓரம் உள்ள கிராஃபென்ஹவுசன் ஓய்விடத்தில் சுமார் 60 டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் ஜார்ஜியர், உஸ்பெக்கியர். வேலை பார்த்தது ஒரு போலந்துக் குழுமத்துக்கு. மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. முதலாளி தரப்பு வண்டிகளை மீட்கக் காவலாட்களைக் கவச வாகனத்தோடு அனுப்பியது, போலீஸ் தடுத்தது. ஐந்து வாரம் தாக்குப்பிடித்த பிறகு சுமார் 3 லட்சம் யூரோ பாக்கி கைக்கு வந்தது. அதே ஆண்டு கோடையில் அதே இடத்தில் இன்னும் அதிகம் பேர் மறுபடி உட்கார்ந்தார்கள். அந்த முறை உண்ணாவிரதம் வரை போனது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஐரோப்பிய விதிப் புத்தகம் அமெரிக்காவைவிட நல்லது என்று முந்தைய பதில்களில் சொன்னேன். ஆனால் அந்தப் புத்தகம் எட்டாத இடத்திலேயே பல்லாயிரம் டிரைவர்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். வேறு நாட்டு எண் பலகை, வேறு நாட்டு ஒப்பந்தம், தெரியாத மொழி. பாக்கியைக் கேட்க அவர்களிடம் இருந்த ஒரே பிடி வண்டிச் சாவிதான்.

டிரைவர்கள் எங்கே தூங்குகிறார்கள்?

இரண்டு கண்டத்திலும் பெரும்பாலும் கேபினில். அமெரிக்க கேபின் ஒரு சின்ன அறை, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் வரை இருக்கும். ட்ரக் ஸ்டாப்கள் குளியல், துணி துவைக்கும் இயந்திரம், சாப்பாடு என்று ஒரு குட்டி ஊர். அயோவா மாநிலத்தின் வால்காட்டில் 1964 முதல் நடக்கும் அயோவா 80 உலகிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது.

ஆனாலும் இடம் போதாது. 2009இல் தென் கரோலினாவில் நிறுத்த இடம் கிடைக்காமல் மூடிக் கிடந்த பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டியைப் போட்டுத் தூங்கிய ஜேசன் என்ற டிரைவரைக் கொள்ளையன் சுட்டுக் கொன்றான். கிடைத்தது 7 டாலர். அவர் மனைவி விடாமல் போராடியதால் 2012இல் வந்ததுதான் 'ஜேசன் சட்டம்'. ட்ரக் நிறுத்தத்துக்கு மத்திய நிதியைச் செலவிட அது வழி செய்தது.

ஐரோப்பாவில் 45 மணி நேர வார ஓய்வைக் கேபினில் எடுக்கக் கூடாது. 2017 டிசம்பரில் ஒன்றிய நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது, 2020இல் விதியாகவே எழுதப்பட்டது. படுக்கை, குளியலறை உள்ள இடத்தை முதலாளி தன் செலவில் தர வேண்டும். நல்ல விதி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு ஆட்டோபான் ஓய்விடத்துக்குப் போய்ப் பார்த்தால் ட்ரக்குகளுக்கு நடுவே அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். ஹோட்டல் பக்கத்தில் இல்லை, வண்டியைச் சரக்கோடு விட்டுப்போகப் பயம், கம்பெனி பணம் கொடுப்பதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏன் அங்கே நிற்கிறார்கள்?

ஜெர்மனியில் 7.5 டன்னுக்கு மேற்பட்ட ட்ரக் ஞாயிறு இரவு 10 மணி வரை ஓடக் கூடாது. பிரான்ஸில் சனி இரவு 10 முதல் ஞாயிறு இரவு 10 வரை தடை. சுவிட்சர்லாந்தில் தினமும் இரவு 10 முதல் காலை 5 வரையே தடை. சீக்கிரம் கெடும் பொருள்களுக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவில் இப்படி நாடு தழுவிய தடை கிடையாது.

அவ்வளவு பெரிய அமெரிக்காவில் ரயில் என்ன செய்கிறது?

நிறையவே செய்கிறது, ஐரோப்பாவைவிட நன்றாகவே செய்கிறது. நீண்ட சரக்கு ரயில், கன்டெய்னர் மேல் கன்டெய்னர் என்று இரண்டு அடுக்கு. ஐரோப்பாவில் தலைக்கு மேல் மின்கம்பி, தாழ்ந்த பாலங்கள், பழைய சுரங்கங்கள், அதனால் இரண்டு அடுக்கு ஏறாது. பயணிகள் ரயிலுக்கு முன்னுரிமை வேறு. ஒன்றியத்துக்குள் தரைவழிச் சரக்கில் ஏறக்குறைய முக்கால் பங்கு சாலையில்தான் போகிறது. சுற்றுச்சூழலில் ஐரோப்பா முன்னோடி என்று நினைக்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

எது பாதுகாப்பானது?

வண்டியைப் பொறுத்தவரை ஐரோப்பியது. சைக்கிள்காரர் சக்கரத்துக்கு அடியில் போகாமல் தடுக்கும் பக்கத் தடுப்பு அங்கே 1989ஆம் ஆண்டின் உத்தரவிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் அது கட்டாயமில்லை. பின்பக்கத் தடுப்பு உண்டு. 1967இல் நடிகை ஜெய்ன் மான்ஸ்ஃபீல்டின் கார் ட்ரக்குக்குப் பின்னால் புகுந்து அவர் இறந்த பிறகு அந்தக் கம்பிக்கு மக்கள் வைத்த பெயர் 'மான்ஸ்ஃபீல்டு பார்'. தானாக பிரேக் போடும் கருவி ஐரோப்பாவில் புதிய கனரக ட்ரக்குகளுக்கு 2015 முதல் கட்டாயம். அமெரிக்காவில் 2023இல்தான் முன்மொழிவாகவே வந்தது.

டீசல், டோல் செலவு?

அமெரிக்க மத்திய அரசின் டீசல் வரி கேலனுக்கு 24.4 சென்ட். 1993 முதல் மாறவில்லை. லிட்டருக்கு ஆறரை சென்ட்கூட இல்லை (மாநில வரி தனி). ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தபட்ச வரியே லிட்டருக்கு 33 சென்ட், யூரோவில். அதோடு ஜெர்மனி 2005 முதல் செயற்கைக்கோள் வழியாக ட்ரக் ஓடிய தூரத்துக்குக் கட்டணம் பிடிக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து கார்பன் உமிழ்வுக்கும் சேர்த்துப் பிடிக்கிறது. காலி வண்டியை ஓட்டினாலும் கட்டணம் என்பதால் ரிட்டர்ன் லோடு தேடுவதில் ஐரோப்பியர்கள் அவ்வளவு மும்முரம்.

மின்சார ட்ரக்கில் யார் முந்துவார்கள்?

ஐரோப்பா என்று நினைக்கிறேன். புதிய கனரக வண்டிகளின் உமிழ்வை 2030க்குள் 45 சதவீதமும் 2040க்குள் 90 சதவீதமும் குறைக்க வேண்டும் என்று 2024இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். இன்னொரு காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நாலரை மணி நேரம் 80 கிலோமீட்டரில் போனால் 360 கிலோமீட்டர், அப்புறம் 45 நிமிடம் கட்டாய நிறுத்தம். 600 யூனிட் பேட்டரி வைத்து 500 கிலோமீட்டர் ஓடும் மெர்சிடஸ் இ-ஆக்ட்ரோஸ் 600 போன்ற வண்டிக்கு அந்த 45 நிமிடம் சார்ஜ் ஏற்ற வாகானது. டிரைவரின் ஓய்வுக்காக எழுதிய விதி பேட்டரிக்கும் பொருந்திவிட்டது. அமெரிக்காவில் தூரமும் வேகமும் கூடுதல். கலிஃபோர்னியா போட்ட கடுமையான விதிகளை 2025இல் நாடாளுமன்றமும் அதிபரும் ரத்து செய்துவிட்டார்கள்.

நம் ஊர் ஹெவி லைசென்ஸை வைத்து அங்கே ஓட்ட முடியுமா?

முடியாது. அமெரிக்காவில் இந்தியர்கள், குறிப்பாகப் பஞ்சாபிகள், ஏராளமாக ட்ரக் ஓட்டுகிறார்கள், நெடுஞ்சாலைகளில் தாபா வரை வந்துவிட்டது. ஆனால் அவர்கள் ஏற்கெனவே அங்கே வாழும் உரிமை பெற்று, அந்த நாட்டு வணிக லைசென்ஸ் எடுத்தவர்கள். இங்கிருந்து நேராக டிரைவராகப் போக வழி குறுகலாகவே இருந்தது. 2025 ஆகஸ்ட்டில் ட்ரக் டிரைவர்களுக்கான வேலை விசாவை நிறுத்துவதாக வெளியுறவு அமைச்சர் மார்க்கோ ரூபியோ அறிவித்தார். அதே ஆண்டு ஜூன் முதல், ஆங்கிலத்தில் பேசவும் சாலைப் பலகை படிக்கவும் முடியாதவரைச் சோதனையில் பிடித்தால் அங்கேயே இறக்கிவிடுகிறார்கள்.

ஐரோப்பாவில் வாசல் கொஞ்சம் திறந்திருக்கிறது. லிதுவேனியா, போலந்துக் கம்பெனிகள் இந்தியர்களையும் எடுக்கின்றன. அங்கே போய், டிரெய்லர் இழுக்கும் கனரக வண்டிக்கான சி+இ லைசென்ஸும், 'கோடு 95' என்ற தொழில் தகுதியும் வாங்க வேண்டும். அந்தத் தகுதிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சி. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பதால் டிரைவர் சான்று ஒன்றையும் கம்பெனி எடுத்துத் தர வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் சம்பளத்தைப் பிரித்துக் கேளுங்கள். லிதுவேனியா போன்ற இடங்களில் அடிப்படைச் சம்பளம் குறைவாகவும் மீதி பேட்டாவாகவும் வரும். நம் ஆட்களுக்குப் பழகிய முறைதான். ஆனால் காய்ச்சலில் படுத்தால், விடுப்பு எடுத்தால், ஓய்வூதியம் கணக்கிட்டால் பேட்டா கணக்கில் வராது. லைசென்ஸ், பயிற்சிச் செலவை யார் கொடுப்பது, இடையில் வேலையை விட்டால் எவ்வளவு திருப்பிக் கேட்பார்கள், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வண்டியை விட்டு இறங்கலாம், வார ஓய்வுக்கு அறை உண்டா என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். உங்களுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். ஏஜென்ட் வாயால் சொல்லும் மாதச் சம்பளத்தை நம்பி ஊரில் கடன் வாங்காதீர்கள்.